கொட்டியாரக் குடா – 31: தளத்தின் வாசலில் கூடியவர்கள்

சென்ற இதழில் சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் கதையை, 61 குதங்களைக் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரி 6ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தோடு நிறுத்தியிருந்தோம். அதற்குப் பின் நான்கே மாதங்களில் திருகோணமலைத் துறைமுகம் தன் வரலாற்றில் காணாத ஒன்றைக் கண்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கொட்டியாரக் குடாவைத் தேடி வந்தது அதைக் கைப்பற்றத்தான். 2022 மே 10ஆம் திகதி இங்கு வந்து சேர்ந்த மகிந்த ராஜபக்ச அடைக்கலம் தேடி வந்தார்.

முதல்நாள் வரை அவர் இந்நாட்டின் பிரதமர். மே 9ஆம் திகதி காலை அலரி மாளிகையில் கூடிய அவருடைய ஆதரவாளர்கள் அங்கிருந்து கிளம்பி, வாசலிலும் காலிமுகத்திடலிலும் ஆட்சியாளர் பதவி விலகக் கோரி இருந்த போராட்டக்காரர்களைப் பொல்லுகளால் தாக்கினார்கள். அந்தக் காட்சி நேரலையாக நாடெங்கும் ஓடியது. மாலைக்குள் அவர் பதவி விலகினார். இரவுக்குள் ஆளுங்கட்சி அரசியல்வாதிகளின் வீடுகள் பல மாவட்டங்களில் எரிந்தன. அலரி மாளிகை மதிலுக்குள் பெற்றோல் குண்டுகள் விழுந்தன. விடிவதற்கு முன் இராணுவம் அவரையும் குடும்பத்தையும் அங்கிருந்து வெளியே எடுத்தது.

எங்கே கொண்டுபோனார்கள் என்று அரசு சொல்லவில்லை. அன்று காலை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சொல்லப்பட்டது, திருகோணமலைக் கடற்படைத் தளம் என்று. நாடு முழுவதும் ஊரடங்கு. அதையும் மீறி மக்கள் தளத்தின் வாசலுக்குப் போனார்கள். உள்ளே இருப்பவரை வெளியே விடாதே என்று கத்தினார்கள். கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

அதே காலையில், அதே திரைகளில் இன்னொரு செய்தியும் ஓடியது: ராஜபக்ச குடும்பத்தினர் இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்று. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அது அப்பட்டமான பொய் என்று அன்றே மறுத்தது. திருகோணமலைச் செய்தியை மறுநாள்தான் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன ஒப்புக்கொண்டார்: முன்னாள் பிரதமர் கடற்படைத் தளத்தில்தான் இருக்கிறார், நிலைமை சீரானதும் விரும்பிய இடத்துக்குப் போவார் என்றார். ஆக, ஒரு முழுநாள் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று உண்மை, ஒன்று பொய். இரண்டுக்கும் முகம் ஒன்றே. வாசலுக்குப் போனவர்கள் அரசுக்கு முன்னால் உண்மையை அறிந்திருந்தார்கள் என்பதும், வேறு பலர் அதே நேரத்தில் பொய்யை நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரே நாளின் வரலாறு.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை கையளித்துவிட்டுப் போன அந்தத் தளத்தின் வாசல், யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக் கடந்துபோகும் இடம். அங்கே நின்று ஒரு கேள்வி கேட்பதே முடியாத காரியம். படமெடுப்பது அதைவிட முடியாது. இந்த நகரத்தில் ஒரு படத்தின் விலை என்னவென்று தெரிந்துகொள்ள 2006க்குப் போகவேண்டும்.

அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே வழக்கம்போல மாணவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ ஒன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. படையினர் வந்து சூழ்ந்தார்கள். ஒரு மாணவர் தந்தைக்குக் கைத்தொலைபேசியில் அழைத்து, படையினர் தங்களைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்றார். தந்தை வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன் கடற்கரைக்கு ஓடினார், உள்ளே விடவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். இருவர் காயங்களோடு தப்பினார்கள்.

மாணவர்கள் கொண்டுவந்த குண்டு அவர்கள் கையிலேயே வெடித்தது என்றுதான் இராணுவத் தரப்பு சொன்னது. அந்தப் பேச்சு அப்படியே நின்றிருக்கும். ஆனால் ‘சுடர் ஒளி’ நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலையின் பிணவறைக்குப் போய் உடல்களைப் படமெடுத்தார். மிக அருகிலிருந்து சுட்ட காயங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. பத்திரிகை அவற்றை வெளியிட்டது. குண்டு வெடித்த கதை அதோடு முடிந்தது. ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் இறந்து 22 நாட்கள்.

ஒரு படம். அதை எடுத்தவர் ஒருவர். அவர் யாரென்று ஊருக்கே தெரியும். அந்த ஒருவரை அகற்றினால் அடுத்த படம் எடுக்க ஆளில்லை என்று கொன்றவர்கள் கணக்குப் போட்டார்கள். அக்கணக்கு பெருமளவு பலித்தது. தமிழ்நெட் இணையத்தளம் 1997 முதல் இயங்கியது. வெளிநாட்டுத் தமிழர்கள் அதில் நாளும் செய்தி வாசித்தார்கள். ஆனால் அதற்குச் செய்தி கொடுக்க ஊரில் ஒருவர் உயிரோடு இருக்கவேண்டும். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், குடாவின் அக்கரையில், மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருகோணமலை அலுவலகத்தோடு அவர்களுக்கிருந்த வானொலித் தொடர்பு 4ஆம் திகதி காலையோடு அறுந்தது. 

ஐந்து மாணவர் வழக்கு எங்கே போய் முடிந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனோகரன் அச்சுறுத்தல்களால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனார். ஜெனீவா வரை சென்று மகனுக்காகப் பேசினார். 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதாகிப் பிணையில் போனார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையென்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது.

இனிக் கைத்தொலைபேசி எல்லோர் கைக்கும் வந்த காலம். யுத்தம் முடிந்து பத்தாண்டுக்குள் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் கந்தளாயிலும் கமரா இல்லாத வீடு அரிதாயிற்று. சாட்சி சொல்ல இனிப் பத்திரிகையாளர் தேவையில்லை என்ற நிலை வந்தது. இது பெரிய மாற்றம்; அதன் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆனால் இந்த மாகாணத்தில் அந்தத் தொலைபேசி முதலில் ஊரறிய வேலை செய்தது நன்மைக்கல்ல.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று மிரட்டி, தலையாட்ட வைத்து, அதைக் காணொளியாக எடுத்துப் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குத் தடுத்தது. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்பைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் பேஸ்புக்கிடம் இருக்கவில்லை. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்கு அந்த நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன வந்தது?

அந்தச் சூடு ஆறுமுன்னர், ஏப்ரலில், திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பற்றிய பிரச்சினை எழுந்தது. பெற்றோர் பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பாடசாலையின் மரபா, ஆசிரியையின் உரிமையா என்ற கேள்விக்கு இரு பக்கமும் நேர்மையாகப் பேசக்கூடியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் கூடியிருந்து பேசி முடிக்கும் பழக்கம் இங்கே புதிதல்ல. யுத்தத்தின் மோசமான ஆண்டுகளிலும் அது முற்றாக அறுந்துபோகவில்லை. ஆனால் ஆர்ப்பாட்டப் படங்கள் பேஸ்புக்கில் ஏறிய பின் அது ஊர்ப் பிரச்சினையாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் காத்தான்குடியிலும் கொழும்பிலும் கனடாவிலும் இருந்தவர்கள் தங்கள் தங்கள் கோபத்தை அதில் கொட்டினார்கள். அவர்களில் பலர் அந்தப் பாடசாலையை ஒரு நாளும் கண்டிருக்கமாட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் ஆசிரியைகளின் பக்கம் முடிவு சொன்னது, பகை முடியவில்லை. 2022 பெப்ரவரியில் அதே வாசலில், அதே காரணத்தில், அதே மாதிரிக் காணொளிகளோடு மறுபடி வெடித்தது.

இந்த மாவட்டத்தின் இயல்பை இங்கே நினைவில் வைக்கவேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரில் எவரும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. ஒருவரையொருவர் ஒதுக்கிவிட்டு இங்கே எதையும் செய்யமுடியாது. ஆனால் திரையில் மாவட்ட எல்லை கிடையாது. அங்கே தீவு முழுவதன் தொகையும் உலகம் முழுவதன் சத்தமும் வந்து கூடுகின்றன. கைத்தொலைபேசி சாட்சியைக் காப்பாற்றியது உண்மை. ஊரின் வழக்கை ஊரின் கையிலிருந்து எடுத்துப் போனதும் அதுவே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இக்காலத்தின் திருகோணமலையை எழுதமுடியாது என்பது என் முடிவு.

2022க்குத் திரும்புவோம். மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர் படகுகள் கரையில் கிடந்தன. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. மார்ச் 31ஆம் திகதி இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் வீட்டின் முன் கூட்டம் திரண்டது. அழைப்புப் போனது பெரும்பாலும் தொலைபேசிகள் வழி. ஏப்ரல் 3ஆம் திகதி நாடளாவிய போராட்டத்துக்கு நாள் குறிக்கப்பட்டபோது, அரசு அவசரகால நிலையையும் ஊரடங்கையும் அறிவித்து, பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் முதல்நாள் நள்ளிரவிலிருந்து சமூக வலைத்தளங்களை முடக்கியது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது மனித உரிமைகள் ஆணைக்குழு. இளைஞர்கள் வேறு வழியாகத் தடையைத் தாண்டினார்கள். ஜனாதிபதியின் பெறாமகனும் அமைச்சருமான நாமல் ராஜபக்ச கூட அந்தத் தடை பயனற்றதென எழுதினார். அன்று பிற்பகலே தடை நீங்கியது. தொலைபேசியைப் பூட்டி ஒரு கூட்டத்தைக் கலைக்கலாம் என்ற நம்பிக்கை அந்த ஒரு நாளில் உடைந்தது.

வடக்கு கிழக்குத் தமிழர்களில் பலர் காலிமுகத்திடலைத் தூரத்தில் நின்றுதான் பார்த்தார்கள். தங்கள் பிள்ளைகள் காணாமற்போனபோது தெற்கு எங்கே இருந்தது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது, நியாயமான கேள்வி. ஆனால் மே 18ஆம் திகதி, அதே திடலில் போராட்டக்காரர்கள், யுத்தத்தின் கடைசி நாட்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து, இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள். அந்தக் காணொளிகளைச் சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்தவர்கள் தங்கள் தொலைபேசியில் பார்த்தார்கள். கொழும்பின் நடுவில் அப்படியொரு காட்சி முன்பு நினைத்துப் பார்க்கமுடியாதது.

ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை போராட்டக்காரர்களிடம் வீழ்ந்தபோது, மகிந்தவின் சகோதரரான ஜனாதிபதியும் இத்துறைமுகத்துக்கே வந்தார். கோட்டாபய ராஜபக்ச கொழும்புத் துறைமுகத்தில் கடற்படைக் கப்பலேறித் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு, 11ஆம் திகதி வான்வழியே கட்டுநாயக்க போனார். 13ஆம் திகதி மாலைதீவு, பிறகு சிங்கப்பூர். பதவி விலகல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டு மாதங்களுக்குள் இரண்டு ஆட்சியாளர்களுக்கு மறைவிடமாகியது, அவர்களுடைய ஆட்சியில் தமிழர்கள் அஞ்சி நடந்த இந்தக் கரை.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கமராக்கள் ஓயவில்லை. 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி, திலீபன் நினைவு ஊர்தியோடு வந்த பாராளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரன் சர்தாபுரவில் தாக்கப்பட்டார். தேசியக் கொடி கட்டிய தடிகளால் அடித்தார்கள்; பொலிஸார் அருகிலேயே நின்றார்கள். முழுவதும் பதிவாகி அன்று மாலைக்குள் உலகம் கண்டது. சந்தேகநபர்கள் கைதானார்கள். படம் இல்லாவிட்டால் ‘இரு தரப்பு மோதல்’ என்று ஒரு வரிச் செய்தியோடு முடிந்திருக்கும்.

சம்பூர் இதைவிட முக்கியமானது. 2006இல் குண்டுவீச்சில் இடம்பெயர்ந்து, நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகிப் போய், 2015க்குப் பிறகுதான் திரும்பி வந்த ஊர் அது. அனல்மின் நிலையம் வராமல் தடுத்த ஊரும் அதுதான். 2024 மே மாதம் அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். மூதூர் நீதவான் நீதிமன்றத்தின் தடையுத்தரவைக் காட்டிப் பொலிஸார் 12ஆம் திகதி இரவு வீடு புகுந்தனர். மூன்று பெண்களும் ஓர் ஆணும் கைதாகினர். ஒரு பெண்ணை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துச் செல்வதை அங்கிருந்தவர்கள் தொலைபேசியில் எடுத்தார்கள். கஞ்சி காய்ச்சியதற்கு, சிவில் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயச் சட்டத்தை அரசு கையில் எடுத்தது. உரிமையைக் காக்கவென்று வந்த சட்டம் அது.

அந்தக் காணொளி செய்த வேலையை எந்தக் கட்சியின் அறிக்கையும் செய்திருக்கமுடியாது. தடை போட்ட பின் வடக்கு கிழக்கெங்கும் கஞ்சி முன்பைவிட அதிக இடங்களில் காய்ச்சப்பட்டது. பல்கலைக்கழக மாணவர்கள், கோயில் நிர்வாகங்கள், சந்திகளில் நின்ற தாய்மார் எல்லோரும் கொடுத்தார்கள். கைதானவர்கள் அந்த மாதம் முடிவதற்குள் வெளியே வந்தார்கள். காணொளியை எடுத்தவரை யாரும் தேடிக் கொல்லவில்லை. 2006க்கும் 2024க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரசும் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. 2022 மே 10ஆம் திகதி அந்தச் சட்டம் இருந்திருந்தால், திருகோணமலையில் மகிந்த இருக்கிறார் என்று எழுதியவர் அடுத்தநாள் வரை பொய்யர்.

தேர்தல் அரசியலும் மாறியது. 1977இல் முதன்முறை பாராளுமன்றம் சென்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த மாவட்டத்துத் தமிழ் அரசியலின் முகமாக இருந்த இரா. சம்பந்தன் 2024 ஜூன் 30ஆம் திகதி காலமானார். மேடை, கடிதம், நேரில் சந்திப்பு என்பது அவர் தலைமுறையின் முறை. அந்த நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில், திரையில் பெரும் பிரசாரம் செய்த தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டைப் பிடித்தது. தமிழரசுக் கட்சி சண்முகம் குகதாசன் மூலம் ஒன்றைக் காத்துக்கொண்டது.

கடைசியாக, ஒரே காட்சி இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை. 2005 மே மாதம் மத்திய சந்தையும் பஸ் நிலையமும் இருக்கும் இடத்தில் ஓர் இரவில் புத்தர் சிலை வைக்கப்பட்டது. விடிந்தபோதுதான் ஊர் கண்டது. ஹர்த்தால், வழக்கு, வன்முறை என்று மாதக் கணக்கில் இழுபட்டது. அதற்கு எதிராக மக்களைத் திரட்டிய திருகோணமலை மாவட்டத் தமிழ் மக்கள் பேரவையின் தலைவர் வன்னியசிங்கம் விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 நவம்பர் 16ஆம் திகதி இரவு, டச்சுக்குடாக் கடற்கரையிலுள்ள விகாரை வளவில் வைக்கப்பட்ட சிலையைப் பொலிஸார் அகற்றினார்கள். அவ்வளவிலிருந்த கட்டுமானம் பற்றிக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முறைப்பாடு இருந்தது. அகற்றும் காணொளி அவ்விரவே தெற்கெங்கும் போனது. மறுநாள் பாராளுமன்றத்தில் கொந்தளிப்பு. பாதுகாப்புக்காகவே அகற்றினோம், திரும்ப வைக்கப்படும் என்றார் பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சர். அன்றே சிலை பொலிஸ் பாதுகாப்போடு அதே இடத்துக்குத் திரும்பியது.

இரண்டாம் முறை எவரும் கொல்லப்படவில்லை. அது பெரிய விடயம். ஆனால் ஒரு நாளுக்குள் முடிவெடுத்தது யார்? சட்டமல்ல, மாவட்டச் செயலகமல்ல, அந்தக் கரையில் வாழும் மூன்று சமூகங்களுமல்ல. தொலைபேசியில் தொகை கூடியவர்கள் பக்கம் அரசு சாய்ந்தது. சம்பூரின் சாட்சியைக் காத்த அதே திரை, டச்சுக்குடாவில் பெரும்பான்மையின் கையில் வாக்குப்பெட்டியாக மாறியது.

இத்தொடரை வாசிக்கும் திருகோணமலைக்காரரிடம் ஒரு வேண்டுகோள். 2022 மே 10ஆம் திகதி தளத்தின் வாசலில் நீங்கள் எடுத்த படங்கள், எரிபொருள் வரிசைப் படங்கள், சம்பூரிலும் சர்தாபுரவிலும் எடுத்தவை, இன்னும் உங்கள் தொலைபேசியில் இருக்கலாம். பேஸ்புக்கில் போட்டிருக்கிறோம், போதும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு கணக்கு முடக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். படத்தை வேறோரிடத்தில் பிரதி எடுத்து, எடுத்த நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து வருமென்றால் வெளியிடாமல் வையுங்கள்; ஆனால் அழிக்காதீர்கள். ஐந்து மாணவர் வழக்கில் நீதிமன்றம் சொன்ன காரணம் சாட்சியம் போதாது என்பதே.